ஜோடியாக ஒட்டிய தோல்

நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்துவிட்டு வந்தால், சாயங்காலம் எனக்குக் கண்ணும் இருக்காது, முதுகும் இருக்காது. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் தோல் வெட்டுகிறார். இதற்கு மேல் கல்யாண ரிசப்ஷன்களில் கச்சேரி வேறு. அவர் பாடுவார், நான் லேப்டாப்பில் வாத்தியம் தட்டுவேன். ஒரு காலத்தில் பத்துப் பேர் இருந்த ஆர்க்கெஸ்ட்ரா. ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்.

இதற்கென்றே விற்கிற வாத்தியப் பெட்டியெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. வேலூர் லாங் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் கேம் கீபேட் இரண்டு கிடந்தன. பசங்க இடது கையால் தட்டிச் சுட்டு விளையாடுகிற அரை கீபோர்டு. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சத்தம் வைத்தேன். இடது ஓரத்தில், ரிசப்ஷனுக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது போடுகிற கெட்டிமேளம்; துக்க வீட்டுக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள் என்பதால் வலது ஓரத்தில் சாவுக்கு ஊதுகிற சங்கும், தட்டுகிற சேகண்டியும். கை தவறக்கூடாது என்றுதான் அத்தனை தள்ளி வைத்தேன். இரண்டு கீபேடிலும் ஒரே வரிசை. ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று.

மேடை விளக்கு கண்ணில் அடித்தால் கட்டை எதுவும் எனக்குத் தெரியாது. அதற்காக அவர் கம்பெனியில் கழித்துப் போட்ட தோலில் துண்டு வெட்டி இரண்டு ஓரத்திலும் ஒட்டித் தந்தார். சொரசொரப்பு கெட்டிமேளம், வழவழப்பு சங்கு. முதல் கீபேடில் விரல் நன்றாகப் பழகிவிட்டது. இரண்டாவதை ரிசப்ஷனுக்கு முந்தின நாள், தூக்கக் கலக்கத்தில் ஒட்டினார்.

"சரியா ஒட்டுனீங்களா?"

"இத்தினி வருஷமா தோல் வெட்றேன், எங்கிட்டயே கேக்கற பாரு!"

ரிசப்ஷன் குடியாத்தத்தில். மண்டபத்து மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார்: "இன்னிக்கு நல்லா பண்ணிட்டீங்கன்னா, சீசன் ஃபுல்லா உங்களுக்குத்தாம்மா." எனக்கு அது போதும். மிஷினை விட்டு எழுந்துவிடலாம், கழுத்தை நிமிர்த்தி நாலு நாள் வாழலாம். வேலையை விடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அத்தனை ஆசை.

பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிற நேரம் பார்த்து, நாற்காலி இழுத்த எவனோ முதல் கீபேடின் வயரை அறுத்துத் தொலைத்தான். திட்டிக்கொண்டே இரண்டாவதைச் சொருகினேன். "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று வாசலில் சத்தம். தடவினேன். சுண்டுவிரலில் படவேண்டிய சொரசொரப்பு ஆள்காட்டி விரலில் பட்டது. அவசரத்தில் கீபேடைத் தலைகீழாக வைத்துவிட்டேன் போல என்று நினைத்து, தோலை நம்பி அமுக்கினேன்.

சங்கு ஊதியது. பின்னாலேயே சேகண்டி, டங், டங் என்று. அந்த மண்டபத்தில் ஸ்பீக்கர் வேறு பெரிசு.

பெண்ணின் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி! கல்யாண வீட்ல இன்னாடி இது?" என்று அலறினார். பதறிப்போய் மற்ற ஓரத்தை அமுக்கினேன். சேகண்டி அடங்குவதற்குள் அதன் மேலேயே கெட்டிமேளம் ஏறிக்கொண்டது. அது இன்னும் அசிங்கம். மணப்பெண் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தெம்பில்லை.

மேனேஜர் கத்தவில்லை. பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். "கெளம்புங்கம்மா."

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கீபேடை மடியில் வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. கம்பெனியில் ஒரு துண்டு வெட்டினால், அடுத்த துண்டுக்கு அச்சைத் திருப்பிப் போடுவார்கள். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. இந்த மனுஷன் இரண்டாவது கீபேடில் தோலை இடம் வலம் மாற்றி, முதலாவதற்கு ஜோடியாக ஒட்டியிருக்கிறார்!

"யோவ், இது இன்னா செருப்பாய்யா?"

அவர் கீபேடை வாங்கி இரண்டு ஓரத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு, "ரெண்டா இருந்தா கை தானா திருப்பிக்குது" என்றார். திட்ட வாயெடுத்தவள் விட்டுவிட்டேன். யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை ஷிஃப்ட். தோல் துண்டுகள் இடதும் வலதுமாக வந்து விழுந்தன. கண் பாதி மூடியிருந்தும் கை தானாக ஜோடி சேர்த்துத் தைத்தது. சூப்பர்வைசர் வந்து ஒரு ஜோடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்கைல மட்டும் தப்பே வராதும்மா" என்றார்.

வேலையை விடுகிறேன் என்று சொல்ல வைத்திருந்த பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்தேன்.