அக்காவின் நண்டுத் தொழிற்சாலை

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் நண்டுத் தொழிற்சாலை போடப்போகிறேன் என்று அக்கா சொன்னபோது, எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. அத்தான் காலமாகி, பிள்ளைகளும் ரொறன்ரோவுக்குப் போனபிறகு தனிமைதான் அவரை இப்படிப் பேசவைக்கிறது என்று நினைத்தோம். ஆனால் அக்கா மொன்றியலில் கடலுணவு இறக்குமதிக் கம்பனி ஒன்றில் நீண்டகாலம் கொள்முதல் பார்த்தவர்.

"அங்க நண்டு இருக்கு. வேலை தேடுற பொம்பிளையளும் இருக்கினம். முதல் போட ஒரு ஆள்தான் இல்லை. நான் போடுறன்," என்றார்.

போட்டார். கரையோரப் பெண்கள் அவித்த நண்டின் சதையைப் பிரித்தெடுக்க, அது டின்களில் அடைபட்டுக் கப்பலேறி மொன்றியலுக்கே வந்தது. டவுன்டவுன் உணவகங்களுக்குக் கடலுணவு கொடுக்கும் கியூபெக்காரர் ஒருவர் அதை வாங்கினார்.

பிறகு இலங்கை வங்குரோத்தானது. பெற்றோலுக்கும் டீசலுக்கும் மைல் கணக்கில் வரிசை. மின்வெட்டு. மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் எங்கள் ஆட்கள் இதைத்தான் பேசினார்கள். "அந்த நாட்டில போய் ஆரும் காசைப் போடுவினமே?" என்று ஒரு அண்ணை கேட்டபோது, நான் தலையைக் குனிந்து சாப்பிட்டேன்.

அன்று மாலையே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, எல்லாத்தையும் பூட்டிப்போட்டு வாங்கோவன். எங்கட வீட்டில இருக்கலாம்."

"என்னண்டு வாறது? என்னை நம்பி இத்தனை பொம்பிளையள் நிக்கினம். கிட்டக் கடல்ல வலை போடுறவை நண்டு கொண்டு வருகினம். டின்தானடி இல்லை. தாய்லாந்தில இருந்து எடுக்கோணும், அதுக்குக் கட்ட பாங்கில டொலர் இல்லையாம். எங்களுக்கு வாற டொலரையும் ரூபாயா மாத்தித்தான் தருகினம்." பிறகு, "நீ ஒருக்கா எங்கட நண்டை வாங்குற அந்த முதலாளியை நேர போய்ப் பார். நான் போனில சொன்னா ஓடரை நிப்பாட்டிப்போடுவார். முகத்தைப் பாத்துச் சொன்னா யோசிப்பார்," என்றார்.

நான் வியாபாரம் பேசியவள் அல்ல. லீவு போட்டுவிட்டு மெட்ரோவில் போகும்போது, சொல்லவேண்டியதை பிரெஞ்சில் வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன். அவருடைய அறைக்குள் நுழைந்ததும் பாதி மறந்துவிட்டது.

அவர் செய்திகளைப் பார்த்திருந்தார். வேறு நாட்டில் நண்டு தேடத் தொடங்கிவிட்டதாக ஒளிக்காமலே சொன்னார்.

"நண்டு கிடைக்கிறதா, இல்லையா?" என்று கேட்டார்.

"கிடைக்கிறது. வேலைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். டின் வாங்க மட்டும் வழியில்லை."

யன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தார். "அப்படியென்றால் டின் கம்பனிக்கு நானே நேரே கட்டிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்குத் தரவேண்டியதில் கழித்துக்கொள்வேன். இதை உதவி என்று நினைக்கவேண்டாம். இந்தத் தரத்தில் நண்டு வேறு இடத்தில் எனக்குக் கிடைக்கவில்லை."

மெர்சி, மெர்சி என்று எத்தனை தடவை நன்றி சொன்னேனோ தெரியாது. வெளியே வந்து, தெருவோரத்தில் நின்றபடியே அக்காவை அழைத்தேன். அங்கே கரன்ட் இல்லாமல் இருட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, கேக்குதோ?"

"ஓம், கேக்குது." "நாளைக்கு ஒருத்தரையும் வேலையால நிப்பாட்டத் தேவையில்லை. இனி வேலைக்கு வராதேங்கோ எண்டு அவையளுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

டின்கள் வந்தன. டீசல் வரிசையில் தொழிற்சாலைப் பெண்களின் கணவன்மார் முறைவைத்து நின்று, ஜெனரேட்டரை ஓடவைத்தார்கள். ரூபா விழுந்ததில் எல்லோரும் தவித்தாலும், டொலரில் விற்றதால் அக்காவால் சம்பளத்தைக் கூட்டிக்கொடுக்க முடிந்தது. விலைவாசிக்கு அது முழுக்கப் போதவில்லைதான். ஆனாலும் ஒருவரும் வேலையை விடவில்லை.

கொள்கலன் கப்பலேறிய செய்தி வந்தபோது நான் வேலை முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். "கப்பல் போயிட்டுதடி," என்றார் அக்கா, அவ்வளவுதான். பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததுதான் தெரியும், மாதக்கணக்காக வராத நித்திரை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விட்டது. கடைசித் தரிப்பில் சாரதி வந்து, "மடாம், மடாம்," என்று எழுப்பினார். இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டிருந்தது. நான் சிரித்துக்கொண்டே இறங்கி, வீட்டை நோக்கி மெதுவாக நடந்தேன்.