மஞ்சள் காட்டிய கேமரா

கேமரா வாங்குவதற்கு முன்னால் அதன் குறை நிறைகளை இணையத்தில் படித்துப் படித்து என் தலையே வீங்கிவிட்டது. கோவில்பட்டியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. படம் எடுப்பது நான். கம்ப்யூட்டரில் நிறம் திருத்தி ஆல்பம் போடுவது என் மனைவி. இரண்டு பேரும் சேர்ந்து ஆராய்ச்சி செய்துதான் உள்ளே கண்ணாடி இல்லாத அந்த ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவை வாங்கினோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாண வீட்டில் எத்தனை பேர் குறுக்கே நடந்தாலும் அது பெண்ணின் கண்ணைப் பிடித்தால் பிடித்ததுதான், விடாது. மங்கிய வெளிச்சத்திலும் சேலை ஜரிகை தனித்தனியாகத் தெரியும். சத்தமே வராது. சர்ச்சில் திருமண வாக்குறுதி கொடுக்கும் நேரத்தில் பாதிரியார் என்னை முறைப்பது அதோடு நின்றது.

கெட்டதும் உண்டு. பேட்டரியைத் தண்ணீர் மாதிரிக் குடிக்கும். சித்திரை வெயிலில் வீடியோ எடுத்தால் சூடாகித் தானாக அணைந்துவிடும். லென்ஸைக் கழற்றினால் படம் பதியும் சென்சார் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு காட்டோரத்தில் காற்றடிக்கும்போது லென்ஸ் மாற்றிவிட்டு, அன்று எடுத்த படங்களில் வானம் முழுக்கக் கரிசல் புழுதியைப் புள்ளி புள்ளியாக வாங்கி வந்தேன். சத்தம் வராததால் பெரியவர்கள் படம் எடுத்து முடித்த பிறகும் மூச்சை அடக்கிக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். போதும் என்று நான்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். மஞ்சளைத்தான் சகிக்க முடியவில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வேலைக்குப் போவதற்கு முன்னாலும் என் மனைவியை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பேன். அவள் முகம்தான் எங்களுக்கு அளவு. அதை வைத்துத்தான் மற்ற எல்லோருடைய நிறத்தையும் சரி பார்ப்போம். வாங்கிய புதிதில் அவள் முகம் சரியாகவே வந்தது. பிறகு மெல்ல மஞ்சளடிக்க ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி கேமராவில் தோல் மஞ்சளாக வரும் என்று இணையத்திலும் நாலு பேர் புலம்பியிருந்தார்கள். அவ்வளவுதான், எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அவளே உட்கார்ந்து தன் முகத்தில் இருந்த மஞ்சளைக் குறைத்து, அந்தத் திருத்தத்தைச் சேமித்து, எல்லாப் படங்களுக்கும் போட்டாள். அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டாள்.

கடம்பூரில் எடுத்த ஒரு கல்யாணத்தின் ஆல்பம்தான் முதலில் திரும்பி வந்தது. பெண்ணின் அப்பா அதை மேஜையில் விரித்து வைத்தார். கோபப்படவில்லை, அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. “அண்ணாச்சி, எங்க புள்ளையப் பாருங்க. கெணத்துல இருந்து தூக்கிப் போட்ட மாதிரி நீலமா இருக்கா” என்றார். பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். திரையில் பார்த்தபோது மண்டபத்து எல்.இ.டி. விளக்கின் மேல் பழியைப் போட்டிருந்தோம்.

மறுநாளே கேமராவைத் தூக்கிக்கொண்டு மதுரையில் இருக்கும் சர்வீஸ் கடைக்கு இருவரும் போனோம். வழியெல்லாம் அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே போனேன். கடையில் இருந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் சேர்த்து நிறுத்தி, ஒரே ஒரு படம் எடுத்துப் பெரிய திரையில் காட்டினாள். சுவர் வெள்ளையாக இருந்தது. நான் என் வழக்கமான கறுப்பில் இருந்தேன். பக்கத்தில் என் மனைவி மஞ்சளாக இருந்தாள்.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணின் வெள்ளையும் மஞ்சள். கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். என் மனைவி என்னைவிட நிறம் தெரிந்தவள். திரையை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

“கேமரா சரியாத்தான் இருக்கு. நம்மதான் என்னைய அளவா வச்சிட்டோம்” என்றாள்.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணையத்தில் கட்டி, அது பித்தம் போகும் வழியை அடைத்திருக்கிறது, ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள். பித்தம் இறங்க ஒரு சின்னக் குழாயை மட்டும் உள்ளே வைத்து அனுப்பினார்கள்.

பழைய கேமராவில் கண்ணாடி உண்டு, அவள் முகமே நேராக என் கண்ணுக்கு வரும். புதியதில் கண்ணை வைத்தால் உள்ளே இருக்கும் குட்டித் திரையில் அவளுடைய படம்தான் தெரியும். பழையதிலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடித்திருப்பேனோ என்று கொஞ்ச நாள் அதை நினைத்துக் குமைந்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவன் நான். அப்போது என் கையில் எந்தக் கேமராவும் இல்லை.

குழாய் வைத்த பிறகு மஞ்சள் இறங்கியது. அரிப்பு நின்றது. ஓட்டப்பிடாரத்தில் இருந்து வந்த அவள் அக்கா, தங்கச்சி பழையபடி ஆகிவிட்டாள் என்று சர்ச்சில் சாட்சி சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினாள். எனக்கும் பேராசை வந்துவிட்டது. அவளை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். அவள் அதைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். எதையும் திருத்தவில்லை. திருத்த ஒன்றுமே இல்லை, அவ்வளவு நன்றாக இருந்தது.

டாக்டர் கடைசியாக என்ன சொன்னார் என்று அப்போது கேட்டாள். மஞ்சள் இறங்கிவிட்டதாகச் சொன்னார் என்றேன்.

“மஞ்சள் மட்டும்தான் எறங்கிருக்கு. எனக்குத் தெரியும்” என்றாள். படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள். “இதையே வச்சிக்கிடுங்க. சர்ச்சுல என் பெட்டிக்கு முன்னால வைக்க இது நல்லாருக்கும். இனிமே எடுக்கதுல ஏதாவது திருத்த வேண்டி வரும், அதுக்கு ஆள் இருக்காது.”

ஃபிரேம் அளவுக்கு அவளே அதை வெட்டினாள். பிரிண்டுக்குப் போகும் படங்களோடு சேர்த்து வைத்துவிட்டு, கடம்பூர் ஆல்பத்தை மறுபடி திருத்த உட்கார்ந்தாள்.

இந்த வாரம் மஞ்சள் மீண்டும் ஏறியிருக்கிறது. இப்போது கேமரா இல்லாமலே எனக்குத் தெரிகிறது.