அவில்தார் சீனிச்சாமியும் வெடிக்காத குழியும்

பட்டாளத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, 1973இல் சீனிச்சாமி போடிநாயக்கனூருக்குத் திரும்பினார். கடைசியில் அவில்தாராக இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் அவர் அவில்தார்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் அவர் வீட்டு முன்னறைக்குள் போனால் ஏழெட்டுச் சுவர்க் கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருக்கும். ஓடாத கடிகாரத்தை ஓட வைப்பதில் அவருக்கு அப்படி ஒரு பிரியம்.

சாமான்களில் பாதி அவரே செய்தவை. குடைக்கம்பியைத் தேய்த்துக் கூராக்கிய திருப்புளிகள், பித்தளையில் கடைந்த ஒரு சின்னச் சுத்தியல், எண்ணெய் தொட்டு வைக்கக் கோழி இறகு. சாவி கொடுத்த சுருளைத் தளர்த்தாமல் கடிகாரத்தைப் பிரிப்பவனுக்கு விரல் மிஞ்சாது என்பார். எடுத்த சாமானை எடுத்த இடத்திலேயே வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் வேண்டியது கைக்கு வர வேண்டும்.

டீக்கடையில் கேட்டால் சண்டைக் கதை சொல்வார். கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஆனால் தீபாவளி வந்தால் முதல் நாளே ராசிங்காபுரத்தில் மச்சினன் தோட்டத்துக்குப் போய்விடுவார். அங்கே பம்புசெட் அறைக்குள் மோட்டாரை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே பொழுது சாயும்வரை உட்கார்ந்திருப்பார். ஏன் என்பது அவர் மனைவி பாண்டியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

1981 ஐப்பசியில், ஒரு நாள் பத்தரை மணி வாக்கில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பால்பாண்டி. கூட வந்தவர் கன்னையன், மலைமேல் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. முன்னறையில் இருந்த சீனிச்சாமி ஜன்னல் வழியாகக் கன்னையனின் முகத்தைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கக்கூட நிற்கவில்லை. உள்ளே போய் மனைவியிடம், “நான் தேனிக்குப் போயிருக்கேன்னு சொல்லிரு” என்றார்.

பாண்டியம்மாள் வாசலுக்குப் போனாள். “அவுக தேனிக்கு...”

“ஆத்தா, ஒரு பொம்பள பாறைக்கடியில கெடக்கு” என்றார் கன்னையன். “ஜீப்பு ரோட்டுக்குப் பாறை ஒடைச்சோம். அஞ்சு குழி வெடி வச்சு, அஞ்சும் வெடிச்சிருச்சுன்னு நெனச்சு ஆள் எறங்கிட்டாக. ரெண்டு ஒண்ணா வெடிச்சதா தப்புக் கணக்குப் போட்டுட்டான் வெடிக்காரன் அமாவாசை. மேல இருந்து பலகைக் கல்லு சரிஞ்சு செல்லத்தாய் கால் மேல விழுந்துருச்சு. அப்புறம் பாத்தா, அந்தக் கல்லுக்கு மேலயே ஒரு குழி வெடிக்காம நிக்குது. ஒருத்தரும் கிட்டப் போகல.”

பாண்டியம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சீனிச்சாமி எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வந்தார்.

“எத்தனை மணிக்கு வெடி போட்டீக?”

“எட்டரைக்கு, சாரே.”

பித்தளைச் சுத்தியலை எடுத்துக்கொண்டார். பால்பாண்டியிடம் ஜீப்பில் ஜாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. காலிச் சாக்கு ஆறு, தேங்காயெண்ணெய் ஒரு புட்டி, தெருமுனை மர அறுவைக் கடையில் ஆப்பு மாதிரி சீவிய துண்டுகள் ஒரு கூடை, ஒரு கெட்டிப் பலகை எல்லாம் ஜீப்பில் ஏறின. “வெரசாப் போ” என்று சொல்லிவிட்டு முன்சீட்டில் ஏறினார்.

அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏறும்போது கன்னையன் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தார். சீனிச்சாமி காதில் எதுவும் விழவில்லை. ஒவ்வொரு வளைவிலும், வண்டி பஞ்சராகிவிடாதா என்று நினைத்தார். நினைத்ததற்கு வெட்கப்பட்டார். அடுத்த வளைவிலும் அதையே நினைத்தார்.

தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ரோட்டு வளைவுக்கு அப்பால் கும்பலாக நின்றார்கள். அமாவாசை ஒரு மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வளைவிலிருந்து சீனிச்சாமி எட்டிப் பார்த்தார். நூறு அடி தூரத்தில், வெட்டிய பாறைச் சுவருக்குக் கீழே செல்லத்தாய் ஒருக்களித்துக் கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு பலகைக் கல்லுக்குள் போயிருந்தது. கல்லின் மேல்விளிம்பு பாறைச் சுவரில் சாய்ந்திருந்தது. அந்த இடத்துக்கு ஒரு சாண் மேலேதான் குழி. கருகிய திரி ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கியது.

“அந்தத் திரியப் புடுங்கிப் போட்டா என்ன, சாரே?” என்றார் கன்னையன்.

“தொடவே கூடாது. உள்ள எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கடப்பாரை, சம்மட்டி ஒண்ணும் அங்க வரக் கூடாது. இரும்பு கல்லுல பட்டாப் போதும், பொறி பறந்துரும்.”

காலில் ஆணி அடித்த செருப்பு இருந்தது. அதைக் கழற்றி வைத்தார். சாக்குகளை ஓடைத் தண்ணீரில் நனைத்தார். எல்லாவற்றையும் பலகை மேல் வைத்து இழுத்துக்கொண்டு, வெறுங்காலோடு தனியாக நடந்தார். பாதி வழிக்கு மேல் நடக்க முடியவில்லை. மீதித் தூரத்தைத் தவழ்ந்தே போனார்.

“யாரு?” என்றாள் செல்லத்தாய். உதடு வெளுத்திருந்தது.

“பட்டாளத்துக்காரன், தாயி. இடுப்புல அருவா வச்சிருக்கியா?”

“இருக்கு.”

“மெல்ல உருவி எங்கிட்டக் குடு. கல்லுல படாம.”

அவள் கொடுத்தாள். அதை ஈரச் சாக்கில் சுற்றித் தள்ளி வைத்தார். இன்னொரு ஈரச் சாக்கைக் கல்லுக்கும் பாறைக்கும் இடையே விரலாலேயே திணித்தார். அந்த நேரம் அவர் முகத்துக்கும் குழிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. மருந்து வாடை அடித்தது. பத்து வருடத்துக்கு முன்பு சண்டையில் விட்டுவந்த வாடை.

பலகையைக் கீழே போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தினார். ஜாக்கியின் தலையில் சாக்கை நான்காக மடித்து வைத்தார். மரையில் எண்ணெய் ஊற்றினார். திருக ஆரம்பித்தார்.

“பட்டாளத்தண்ணே, ஒங்க கை ஆடுது.”

“ஆமாத்தா. பயமாத்தான் இருக்கு.”

அவள் கண்ணில் நீர் கோத்தது. “நீங்களே பயந்தா நான் என்ன செய்யுவேன்?”

“நீ ஒண்ணு செய்யணும். நான் கால் சுத்துத் திருகுவேன். கல்லு ஒரு நூல் ஏறும். ஒம் பக்கத்துல ஒரு மரத்துண்டைச் சொருகணும். எங்கை அங்க எட்டாது. ஜாக்கி வழுக்கினாலும் கல்லு மரத்து மேலதான் ஒக்காரும், ஒங் கால் மேல ஒக்காராது. ஒவ்வொரு தடவையும் சொருகணும். மறந்துராத.”

கால் சுற்று. துண்டு. கால் சுற்று. துண்டு. மேலே இருந்து மஞ்சு இறங்கி, ரோட்டில் நின்றவர்களை மறைத்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் குழியும் மட்டும் இருந்தார்கள். செல்லத்தாய்க்குக் கண் சொருகியது. அவளைத் தூங்கவிடக் கூடாது என்று சீனிச்சாமி பேச ஆரம்பித்தார். என்ன பேசுவது என்று யோசிக்கவில்லை. இதுவரை பாண்டியம்மாளிடம்கூடச் சொல்லாதது வாயில் வந்தது.

எழுபத்தொன்றாம் வருடத்துச் சண்டை. மேற்கே மணல்காடு. முழங்கால் போட்டுக்கொண்டு கம்பியைச் சாய்வாகக் குத்திக் குத்திக் கண்ணிவெடி தேட வேண்டும். பொட்டிபுரத்து வீரணனும் அவரும் ஜோடி. ஒருவர் மாற்றி ஒருவர் முன்னால் போவார்கள். பதினோரு நாள் போனார்கள். பன்னிரண்டாம் நாள் முன்னால் போக வேண்டியவர் சீனிச்சாமி.

“வயித்து வலின்னு சொன்னேன். வலியே இல்ல. பயம். சரி நான் போறேன் மாப்ளேன்னு அவன் போனான்.” ஒரு கால் சுற்று. “சொருகு தாயி.”

அவள் சொருகினாள். “செத்துட்டாரா?”

“செத்துட்டான்.”

அப்போதுதான் ஜாக்கி கிரீச்சென்று ஒரு பக்கம் சாய்ந்தது. கல் அசைந்து ஆப்புகளின்மேல் உட்கார்ந்தது. பாறைச் சுவரிலிருந்து நெல்லிக்காய் அளவு கல் ஒன்று உதிர்ந்து, குழி விளிம்பில் பட்டு, சீனிச்சாமியின் தோளில் விழுந்தது. அவர் செல்லத்தாயின் தலைமேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். கண்ணை இறுக்கி மூடினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். இருபதுக்கு மேல் எண்கள் ஞாபகம் வரவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. அதை அவள் பார்த்தாள்; அடுத்த மரத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஜாக்கியின் அடிப்பலகை பிளந்திருந்தது. ஜாக்கியைத் தளர்த்தி நகர்த்தி, நல்ல பக்கத்தில் நிறுத்தினார். சாய்ந்து இறுகிப்போன ஆப்பு ஒன்றைப் பித்தளைச் சுத்தியலால் தட்டி நேராக்கினார். மறுபடியும் கால் சுற்று. மறுபடியும் துண்டு. இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கல் ஒரு கையளவு உயர்ந்ததும் அவளுடைய அக்குளில் கைகொடுத்து மெல்ல இழுத்தார். கால் வந்தது. பாதம் இருந்த கோலத்தைப் பார்க்காதே என்று அவள் கண்ணைத் தோள்துண்டால் மூடினார். ஒரு சாக்கில் கிடத்தி, அப்படியே இழுத்துக்கொண்டு மஞ்சுக்குள் நடந்தார். எதிரே பால்பாண்டி ஓடிவந்தான்.

போகும்போது அமாவாசையிடம் சொன்னார்: “ஒரு பயலையும் கிட்ட விடாத. அனுபவப்பட்ட பெரிய ஆளுக வந்து பாக்கட்டும். நீயும் கிட்டப் போகாத.” மறுநாள் மதுரையிலிருந்து ஆட்கள் வந்து அதை வெடிக்கவைத்து அழித்தார்கள்.

செல்லத்தாயையும் ஏற்றிக்கொண்டு ஜீப் மலையிறங்கும்போது இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தார். வீட்டில் அவரை இறக்கிவிட இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் கடிகார அறைப் பக்கமே போகவில்லை. தூக்கத்தில் கால் சுற்று, கால் சுற்று என்று கை திருகுவதைப் பாண்டியம்மாள் பார்த்தாள்.

செல்லத்தாய்க்கு இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள். பாதம் பிழைத்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சீனிச்சாமியிடம் அவள் முதலில் கேட்டது, “அந்த வீரணன் வீட்டுல சொன்னீகளா?” என்றுதான்.

“சொல்லல.”

“பத்து வருசமாவா?”

தோட்டத்துக்காரர்கள் மாலையோடு வந்து, இனி வெடி வைக்கும் வேலை முழுவதையும் அவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். “எனக்குப் பயம்” என்றார். அவர்கள் சிரித்தார்கள். “நெசமாத்தான். தீவாளிக்கே ஊர விட்டு ஓடுறவன் நான்” என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தை மாதம் பொட்டிபுரத்துக்குப் பஸ்ஸேறினார். வீரணனின் மனைவி முத்துப்பேச்சி மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் மிளகாயைக் கிளறிக்கொண்டே கேட்டாள். முடித்ததும் வீட்டுக்குள் போய்விட்டாள். போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் வெயிலில் நின்றார். கண்ணிவெடிக்கு முன்னால் நின்றபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை என்று பிறகு பாண்டியம்மாளிடம் சொன்னார்.

வெகுநேரம் கழித்து முத்துப்பேச்சி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“அன்னைக்குக் காலையில அவுக சாப்பிட்டாகளா?”

“சாப்பிட்டான் தங்கச்சி. பூரி. எம் பங்கையும் சேத்து அவன்தான் சாப்பிட்டான்.”

“சரி” என்றாள். “இனிமே வராதீக, அண்ணே.”

அவரும் போகவில்லை. செல்லத்தாய் போடியில் ஒரு கிடங்கில் உட்கார்ந்தபடி ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தெருவில் பார்த்தால் “என்னண்ணே, பயம் எப்படி இருக்கு?” என்று சத்தமாகவே கேட்பாள். “அப்படியேதான் தாயி இருக்கு” என்பார் சீனிச்சாமி.