சுவரில் ஏறிய ஆறு

இன்று மதியம் எங்கள் சிகாமட் ஊர் மண்டபத்தில் மின்னிசை நிகழ்ச்சி. ஜோகூர் பாரு நகரிலிருந்து ஒரு பெண்ணும் ஓர் ஆணும் வந்திருந்தார்கள். அந்தப் பெண் கணினியில் சத்தம் உண்டாக்க, அவள் கூட்டாளி அதற்கேற்ற ஒளியை நான்கு சுவர்களிலும் பாய்ச்சுவான். தம்பதியா என்று என் மனைவி விசாரித்துவிட்டாள். இல்லையாம்.

விளக்கை அணைத்தார்கள். தண்ணீர் புரளும் சத்தம் எழுந்தது. போன வெள்ளத்தில் எங்கள் அடுக்களைக்குள் கேட்ட அதே சத்தம்.

சுவரின் அடியில் ஒரு நீலக் கோடு தோன்றியது. சத்தம் கூடக் கூட மேலே ஏறியது.

கணுக்கால் உயரம் வந்ததும் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டார். சிரிக்க நினைத்தேன். பார்த்தால் என் இரண்டு கால்களும் நாற்காலிமேல் இருந்தன.

முழங்கால் உயரத்தில் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, காரு கீழ பள்ளத்துலதானே நிக்குது? போன வெள்ளத்துல ஒண்ணு போனது போதும்லா. எந்திரிங்க!"

கோடு இடுப்பைத் தொடுவதற்குள் மண்டபம் காலி. கொளுத்தும் வெயிலில் மொத்தக் கூட்டமும் கார்களைக் கோயில் மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். "அங்கிள், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் ஓடுறோம்!"

வீட்டுக்கு நடந்தே வந்தோம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

எல்லாக் கார்களும் மேட்டில்தான் நிற்கின்றன. யாராவது தைரியசாலி முதலில் காரை இறக்கிவிட்டு இந்தப் பதிவுக்குக் கீழே சொல்லுங்கள். இரண்டாவது ஆளாக நான் வருகிறேன்.