மெழுகு பாலிஷ் மைதீன் அண்ணன்

மைதீன் அண்ணன் போயிட்டாரு. காலையில டீ குடிச்சுட்டு உக்காந்திருந்தவர் அப்படியே சாஞ்சுட்டாராம்... இப்பத்தான் அவர் மகன் போன் பண்ணினான்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கமாம். "முகத்தை மூடுறதுக்குள்ள வந்துருவீங்களா மாமா?"ன்னு கேட்டான்.

நான் மதுரையில ஒரு வீட்டுல பழைய கட்டிலுக்கு விலை பேசிக்கிட்டு இருந்தேன். பேச்சைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்.

பஸ் இப்ப கல்லுப்பட்டியில நிக்குது. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்காரு. எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான் இதை டைப் பண்றேன்.

ராஜபாளையத்துல என் கடையில பழைய மரச்சாமான் வாங்கினவங்களுக்கு அண்ணனைத் தெரியும். சாமானை விக்கிறது நான். வீடு தேடி வந்து பாலிஷ் போட்டுக் குடுக்குறது ஸ்ரீவில்லிபுத்தூர் மைதீன் அண்ணன்.

உப்புத்தாள், மெழுகு டப்பா, ஒரு கட்டைப்பை... அவ்வளவுதான் கொண்டு வருவாரு. தேய்க்கத் துணி மட்டும் போற வீட்டுல கேட்டு வாங்குவாரு. வீட்டுக்காரர் பனியன்தான் மெத்துன்னு இருக்கும்பாரு. நல்ல பனியன் போச்சேன்னு என் கடைக்கு வந்து சத்தம் போட்ட ஆம்பளைங்க இருக்காங்க.

வேலை முடியப் போற நேரம் துணியை அந்த வீட்டம்மா கையில குடுத்துருவாரு. கடைசித் தேய்ப்பு வீட்டு ஆளுதான் தேய்க்கணும்பாரு. அவங்களும் பயபக்தியா தேய்ப்பாங்க. நானும் ரொம்ப நாளா அதை ஏதோ சாங்கியம்னே நினைச்சுட்டேன்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"சாங்கியமாம்ல சாங்கியம்... ஏலே, அவிய கை பட்டுட்டா பொறவு யாருல குறை சொல்லுவா?"

இந்தாளு நம்மளத் தூக்கிச் சாப்பிடுற வியாபாரின்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். என் கடையில கட்டில் வாங்க வாரவங்களை ஏறி உக்கார வச்சுட்டுத்தான் இன்னைக்கும் விலை சொல்றேன்.

வண்டி எடுத்தாச்சு. ஆனா முன்னால ஒரு வைக்கோல் லாரி வழி விடாமப் போகுது...

என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நடந்ததையும் சொல்லிருதேன். மனசு வேற எங்கயாவது இருந்தாத்தான் இந்த ரோடு ஓடும்.

ஹால்ல கெடக்குற தேக்கு பெஞ்சு மின்னணும்னு எங்க வீட்டம்மா விடியக்காலம் மெழுகு போட்டிருக்கா. சிமெண்ட் தரைக்குப் போடுற செவப்பு மெழுகு. அதுவும் அப்பி வச்சிருக்கா. உக்காந்தா வேட்டி செவந்துரும், துணி விரிச்சாலும் ஊறி வந்துரும்.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வ.புதுப்பட்டியில இருந்து கெளம்பிட்டாங்க. அண்ணனுக்குப் போன் போட்டேன், வந்தாரு. விரலால தொட்டுப் பாத்துட்டு, இதைக் கரைக்க இப்ப டர்பன்டைன் போட்டா வீடே நாறும்னுட்டாரு. அது நாலு ஆள் தூக்குற பெஞ்சு. வாசல்ல கார் வந்து நின்னுருச்சு.

அண்ணன் வெள்ளை வேட்டியோட போயி பெஞ்சு நடுவுல உக்காந்து காலை நீட்டிட்டாரு.

மாப்பிள்ளையோட அப்பா பக்கத்துல உக்கார வந்தாரு. அண்ணன் இடுப்புப் பிடிச்சிருக்கு, காலை மடக்க முடியலன்னாரு. அவர் சேர்ல உக்காந்துட்டு, இவிய யாருன்னு என்னைக் கேட்டாரு. எங்க அண்ணன்னு சொல்லிட்டேன்.

பெரியவர் இவர்தான்னு முடிவு பண்ணி, எல்லாத்தையும் அண்ணங்கிட்டயே கேக்க ஆரம்பிச்சுட்டாரு. பொண்ணு கோவக்காரியான்னும் கேட்டாரு. அண்ணன் பட்டுன்னு சொன்னாரு:

"கோவம் வரும். பொய் வராது."

கேட்ட மனுசன் சிரிச்சுட்டாரு. அங்கயே தட்டு மாத்துவோம்னுட்டாரு. சாப்பாடு முடிஞ்சு அவங்க கார் தெரு திரும்புற வரைக்கும் அண்ணன் எந்திரிக்கல, இலையையும் மடியில வச்சே சாப்பிட்டாரு.

பொறவு எந்திரிச்சு வேட்டியைத் திருப்பிப் பாத்துக்கிட்டே அடுப்படியைப் பாத்துச் சொன்னாரு: "தாயி, பெஞ்சு நல்லாத்தான் மின்னுது."

அன்னைக்குப் பூரா எங்க வீட்டம்மா வெளிய வரல.

கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு. போனை வைக்கேன்...

...

மேல உள்ளதை பஸ்ல எழுதினேன். இப்ப ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு மிச்சத்தை எழுதுறேன்.

எறங்கி ஆட்டோ பிடிக்கும்போதே மகன் போன் வந்துருச்சு. எடுத்துட்டோம் மாமா, இதுக்கு மேல நிறுத்தச் சொல்ல முடியல, நேரா கபர்ஸ்தானுக்கு வந்துருங்கன்னான்.

நான் போனப்ப குழிக்குள்ள எறக்கி, மேல பலகை அடுக்கியாச்சு. என்ன மரம்னுதான் கண்ணு மொதல்ல பாத்துச்சு. சனியன் பிடிச்ச தொழில் புத்தி. வேம்பு... இழைக்காத பலகை.

எல்லாரையும் போல மூணு பிடி மண்ணு போட்டேன்.

எங்க வீட்டம்மா மத்தியானமே ராஜபாளையத்துல இருந்து அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா. முகத்தைப் பாத்தா, அழுதா, மூக்கைச் சிந்திட்டு இப்ப அமைதியா பூ வாங்கிக்கிட்டு நிக்கா. எனக்குத்தான் உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. ரெண்டு பஸ்ஸை விட்டுட்டேன்.

இந்தா, அடுத்ததும் வந்துருச்சு. வாரேண்ணே.