எடை மாறாத ஆறு வாரம்

எங்கள் பெரியப்பாவைக் கடைத்தெருவில் ‘கிராம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எடை மிஷின் ரிப்பேர் செய்பவர். காய்கறிக் கடைக்காரர் ஒருவர், “கிலோவுக்கு அம்பது கிராம் மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க, யாரு வைக்கல?” என்று கேட்டதற்கு, பிரித்துப் போட்ட மிஷினைப் பிரித்தபடியே விட்டுவிட்டுப் பையோடு கிளம்பி வந்தவர் அவர்.

நான் பட்டம் படித்த மூன்று வருடமும் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தேன். கட்டில், என் புத்தகங்கள், அவருடைய மேசை, மேசைக்கடியில் மரப்பெட்டியில் எடைக்கற்கள். சின்னக் கற்களை வெறுங்கையால் தொட விடமாட்டார். விரல் வியர்வைக்கும் எடை உண்டு என்பார்.

குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதுவும் இயற்பியல். அதனால் பூமி, வானம் எல்லாவற்றுக்கும் நான்தான் சாட்சி.

“பூமி எல்லாத்தையும் இழுக்குதுல்ல, ஆள் பாத்தா இழுக்குது?”

“இல்ல பெரியப்பா.”

“அரிசி மூட்டையும் ஒண்ணுதான், பச்சப் புள்ளையும் ஒண்ணுதான். அந்த மாதிரி ஒரு சக்திதான்டா எனக்குக் கடவுள். அதுக்கு மூஞ்சி கிடையாது, கோபம் கிடையாது.”

பெரியம்மாவின் கடவுள் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அடுப்படியில் நின்றபடியே அவரிடம் குழாயில் தண்ணீர் வராததைச் சொல்லுவாள், முழங்கால் வலியைச் சொல்லுவாள்.

“உங்க சக்திகிட்ட ஒரு குறையச் சொன்னா கேக்குமா?” என்பாள்.

“அதுக்குக் காது இல்லையே.”

“அப்ப எனக்கு எதுக்கு அது? காது கேக்காத ஆளுதான் வீட்டுல ஒருத்தர் இருக்கீங்களே.”

என் கடைசி வருடத்தில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. போட்டால் நான்கு நாள் வாந்தி, வாயெல்லாம் புண். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டு மிஷினில் ஏறி நின்று எடை பார்ப்பாள். நாற்பத்தாறு நாற்பத்தைந்தானது, நாற்பத்தைந்து நாற்பத்துநான்கானது. இறங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். அன்றைக்குச் சோறு இறங்காது.

அதற்குப் பிறகு எடை குறையவில்லை. நாற்பத்துநான்கு. அடுத்த வாரமும் நாற்பத்துநான்கு. பெரியம்மா ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். என்னைப் பார்த்து, “உன் கல்யாணத்துக்கு நான் இருப்பேன்டா, பொண்ணு மட்டும் நீ பாத்துக்கோ” என்று சிரித்தாள்.

காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மிஷினுக்கு எடையைக் கற்றுக்கொடுக்கிற ஒரு முறை இருக்கிறது. இருபது கிலோ கல்லை வைத்து, இதுதான் இருபது என்று பொத்தானை அழுத்தினால் அது அப்படியே நம்பிக்கொள்ளும். பெரியப்பா சனிக்கிழமைகளில், அவள் குளிக்கப் போகும் நேரத்தில், பத்தொன்பது கிலோவை வைத்து இருபது என்று அழுத்தினார். பிறகு பதினெட்டரையை வைத்தார். ஆறாவது வாரம் பதினேழேகால் கிலோவை வைத்தார். ஆள் ஏறாதபோது மிஷின் ஒழுங்காகப் பூஜ்யம்தான் காட்டும். அவள் ஏறி நின்றால், குறைந்ததையும் கூட்டி, நாற்பத்துநான்கு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முப்பத்தெட்டு என்றபோது பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “உங்க மிஷின் கெட்டுப் போச்சும்மா. எடை மிஷின்காரர் பொண்டாட்டிகிட்டயா எடை சொல்ற? வேணும்னா எங்க வீட்டுக்காரர அனுப்புறேன், சரி பண்ணித் தருவாரு.” நர்ஸும் சிரித்துவிட்டாள். பெரியப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஊசிக்கு அவள் கிளம்பவில்லை. “சாமிகிட்ட கேட்டிருந்தேன். ஆறு வாரம் எடை இறங்காம இருந்தா நோய் போயிடுச்சுன்னு அர்த்தம், ஊசிய நிறுத்திடுறேன்னு. அவரு சொல்லிட்டாரு.”

அந்த ஊசி போனது. அடுத்ததும் போனது. வாந்தி நின்றதால் அவள் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்துப் பார்த்தே பெரியப்பாவால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஒரு காலையில் அவள் எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தபோது சொன்னார். நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் முடியவில்லை.

பெரியம்மா சுவரைப் பிடித்தபடியே கேட்டாள். “அப்ப ஆறு வாரமா எனக்குப் பதில் சொன்னது நீங்கதானா?”

“நீ சாப்பிடணும்னுதான் பண்ணேன்.”

“தினமும் நன்றி சொன்னேனேங்க.” அவள் குரல் உயரவில்லை. “சரி, கையப் புடிங்க. போவோம்.”

டாக்டர் தாளைப் புரட்டிவிட்டு, “நடுவுல ரெண்டு ஊசி விட்டுட்டீங்களே” என்றார்.

“விடாம இருந்திருந்தா?” என்று பெரியப்பா கேட்டார்.

“அத இப்ப யாரு சொல்ல முடியும்?”

அதற்குப் பிறகு இருபத்தாறு நாள் இருந்தாள். ஒரு மதியம் பெரியப்பா கஞ்சியைக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, “உங்களுக்காக அவர்கிட்ட மன்னிப்பு கேட்டிருக்கேன்” என்றாள்.

நம்பாத மனிதர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “என்ன சொன்னாரு?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அவள் போன பத்தாவது நாள் பெரியப்பா அலமாரியைத் திறந்து அவள் துணிகளைக் கட்டில் மேல் போட்டார். கொடுத்துவிட வேண்டும் என்றார். நானும் மடித்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “பெரியம்மா உங்க மேல கோபப்படல பெரியப்பா” என்றேன்.

“அவ மன்னிச்சுட்டா, தெரியும். அவ மன்னிச்சதோட தீந்துதா?” ஒரு துணியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தார். “நான் நம்புறதுக்கு மன்னிக்கத் தெரியாதுடா. தண்டிக்கவும் தெரியாது. தண்டிக்கிறவனா ஒருத்தன் இருந்தா, கால்ல விழுந்து ரெண்டு அடி வாங்கிட்டாவது வந்திருப்பேன். எங்க போயி விழறது?”

நான் படித்த எதிலும் அதற்கு இடம் இல்லை. அவர் அடுத்த துணியை எடுத்தார்.