ஒடெஸா வளர்த்த வண்டுகள்

ஒடெஸா கிப்ஸுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வண்டுகள் உண்டு. அபாப்கா என்ற ஊரில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருபத்தாறு வருடமாகப் பொறிவண்டு வளர்க்கிறாள். பூசணிக்காயில் மாவுப்பூச்சியை ஏற்றி அதை வண்டுகளுக்குத் தீனியாகப் போடுவது அவள் வேலை. ஈஸ்டர் அன்றுகூட, பூத்தொப்பியோடு உள்ளே நுழைந்து, "சாப்பிட்டீங்களா கண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போவாள்.

எங்கிருந்தோ வந்த புது மாவுப்பூச்சி ஒன்று ஊர்ச் செம்பருத்தியை எல்லாம் பிடித்தது. மருந்தடித்து அலுத்துப்போனார்கள். வண்டை விட்டுப் பார்க்கலாம் என்று ஒடெஸா நர்சரி நர்சரியாக ஏறி இறங்கினாள். வண்டை விட்டால் மருந்தடிக்கக் கூடாதே! அன்னையர் தின விற்பனைக்கு லாரி ஏற வேண்டிய செடியை யார் பணயம் வைப்பார்கள்? நர்சரிக்காரர்களில் ஹோய்ட் ராலின்ஸ் ஒருவர்தான் தலையாட்டினார்.

"ஆறு வாரம் மருந்து டப்பாவத் தொட மாட்டேன், மிஸ் ஒடெஸா. அதுக்குள்ள செடி தேறலேன்னா அடிச்சிருவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அடித்தால் வண்டுகள் அத்தனையும் போச்சு. அதற்கப்புறம் எந்த நர்சரிக்காரரும் இவளை உள்ளேயே விடமாட்டார்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை காலை, ஹோய்ட் நர்சரி வாசலிலேயே அவளுக்காகக் காத்திருந்தார். விரலெல்லாம் தோல் வெடித்து வெளுத்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஒரு சொட்டு மருந்து அடிக்கல. ஆனா உங்க வண்டு சரியில்ல. பூச்சி குறையக் காணோம், ரெண்டு மடங்கு பெருசாயி, நரைச்ச தாடி வெச்ச மாதிரி ஓடிக்கிட்டுத் திரியுது! நேத்து சர்ச்சுலேர்ந்து வந்து, இருட்டுற வரைக்கும் ஒவ்வொண்ணாப் புடுங்கி சோப்புத் தண்ணில போட்டேன்."

வாளியை நீட்டினார். கழுத்தில் ஷூ கயிற்றில் தொங்கிய லென்ஸை ஒடெஸா தொடவே இல்லை.

"ஹோய்ட், மாவுப்பூச்சி ஓடாது."

"அப்போ இது?"

"என் பிள்ளைங்க."

அவள் வளர்க்கும் பொறிவண்டின் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு போர்த்திக்கொள்ளும். கூடத்தில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே படம் காட்டி இதைச் சொல்கிறவள், இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஹோய்ட்டிடம் மட்டும் சொல்லாமல் விட்டிருந்தாள்.

ஹோய்ட் தொப்பியைக் கழற்றினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும். தப்பு என் மேலதான்."

அவர் முன்னால் அழப் பிடிக்காமல், பக்கத்துச் செடியின் அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். கை பழக்கத்தில் ஒரு கீழ் இலையைத் திருப்பியது. இலை சுத்தமாக இருந்தது. அடுத்ததில் நாலு வெள்ளைப் புழுக்கள், மாவுப்பூச்சியை வளைத்துத் தின்றுகொண்டிருந்தன. அடுத்த செடியிலும் அப்படியே.

"ஹோய்ட்! இங்க கீழ ஏன் எடுக்கல?"

அவர் நெளிந்தார். "முட்டி மடங்க மாட்டேங்குது. ஆபரேஷன் பண்ணிக்கோன்னு டாக்டரும் சொல்லிக்கிட்டுதான் இருக்காரு. மிச்சத்தை இன்னைக்கு ஆள விட்டு எடுக்கலாம்னு..."

"யாரும் எதையும் எடுக்க வேண்டாம்! நீங்க அந்த வாளியத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போங்க!"

கீழே தப்பியவை மேலே ஏறின. ஆறாவது வாரம் இருவரும் சேர்ந்து எண்ணியபோது, நூறு இலைக்கு மூன்று மாவுப்பூச்சி தேறுவதே கஷ்டமாக இருந்தது. செடிகள் லாரி ஏறின.

அன்னையர் தினத்தன்று சர்ச்சில் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்லி ஆளுக்கொரு பூ கொடுப்பார்கள். ஒடெஸா வழக்கம்போல உட்கார்ந்தே இருந்தாள். வருஷா வருஷம் அந்த ஐந்து நிமிஷம் அவளுக்குப் பிடிக்காது. வெளியே வந்தால், ஹோய்ட் ஒரு செம்பருத்தித் தொட்டியோடு கோணலாக நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பிள்ளைங்க குடுத்தனுப்பிச்சாங்க."

ஒடெஸா பூவைப் பார்க்கவில்லை. கீழ் இலையைத்தான் முதலில் திருப்பினாள். அங்கே நரைத்த தாடியோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?" என்றாள். தொட்டியை மார்போடு சேர்த்து வாங்கிக்கொண்டாள்.